சிறு விமானம் வாங்கிவிட்டீர்களா? நம் ஊர் ஈரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் முறை

சிறு விமானத்தைப் புதிதாக வாங்கியவர்களும், இரண்டு மூன்று பேராகக் காசு போட்டுப் பங்கு எடுத்தவர்களும் முதலில் கேட்பது, எத்தனை மணி பறந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதுதான். அதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. ஆனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விமானம் பறந்து கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். இரவில் 24 டிகிரி, பகலில் 33 டிகிரி, விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் உலோகத்தின் மேலும் இன்ஜினுக்குள்ளும் ஈரம் படிந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பறக்கும் நேரத்துக்கான வேலைகளைக் குறைத்து, இரண்டு பறப்புக்கு நடுவில் செய்ய வேண்டியவற்றை அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஏடுகள்

விமானத்தைத் தொடுவதற்கு முன் பதிவேடுகளைப் படியுங்கள். உடல், இன்ஜின், ப்ரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனியாக இருக்கும். மொத்த மணிக்கணக்கைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஆண்டு வாரியாகக் கூட்டிப் பாருங்கள். பழைய செஸ்னா 172, மணிக்கணக்கோ ரொம்பக் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பறப்பும் எழுதப்படாமல் இருந்தால் அது எனக்கு நல்ல செய்தியாகப் படாது, அந்த ஆண்டுகளில் இன்ஜின் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேட்பேன். லைக்கமிங் ஓ-320, ஓ-360 போன்ற இன்ஜின்களுக்கு ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது, 2000 மணி அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்கிறார்கள். ஓய்வுக்காகப் பறப்பவர்களுக்கு 12 ஆண்டுதான் முதலில் வரும். ரோடாக்ஸ் 912 வகையில் புதிய இன்ஜின்களுக்கு 2000 மணி அல்லது 15 ஆண்டு, பழைய வரிசை எண்களுக்கு அதைவிடக் குறைவு.

2018-க்கு முந்தைய பக்கங்களில் டிசிஏ முத்திரை இருக்கும், அது சிஏஏஎம் எனும் இன்றைய மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வருவதற்கு முன்பிருந்த துறை, குழம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த விமானம் என்றால் அந்த நாட்டுப் பதிவேடுகளும் ஒன்று விடாமல் கைக்கு வர வேண்டும். ஒரு ஏடு தொலைந்துபோயிருந்தால் விலையில் அது தெரிந்தாக வேண்டும்.

அடுத்து ஏடி எனப்படும் கட்டாய உத்தரவுகள். விமானத்தை வடிவமைத்த நாட்டின் ஆணையம் வெளியிடுவது, உங்கள் மாதிரிக்கும் வரிசை எண்ணுக்கும் எவை பொருந்துகின்றன என்று இன்ஜினியரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். செஸ்னா வைத்திருப்பவர்கள் இருக்கைத் தண்டவாளம் பற்றிய 2011-10-09 உத்தரவை முதலில் பாருங்கள். தண்டவாளத்திலுள்ள துளைகள் தேய்ந்துபோனால் பூட்டு ஊசி ஆழமாக உட்காராது. விமானம் எழும்பும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கினால், பிடிப்புக்குக் கை போவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான கண்ட்ரோல் யோக்கைத்தான், மூக்கு அப்படியே மேலே தூக்கிவிடும். இதற்காக உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு தடவை உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள், பக்கத்தில் உட்காருபவரையும் செய்யச் சொல்லுங்கள்.

எந்த வேலையை நீங்களே செய்யலாம், எதற்கு லைசன்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கீழே நான் சொல்வதில் பாதி, நீங்கள் கண்ணால் பார்த்து அவரிடம் சொல்ல வேண்டியவைதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம்.

நிறுத்தும் இடமும் கட்டும் கயிறும்

சுங்கை பீசி விமானத்தளம் 2018-இல் மூடப்பட்ட பிறகு கோலாலம்பூர்ப் பக்கம் சிறு விமானத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. ஹேங்கரில் இடம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பெயிண்ட், பிளாஸ்டிக் ஜன்னல், டயர், சீல் எல்லாவற்றையும் வெயில் தின்கிறது, அந்தச் செலவை மூன்று நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் வாடகை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

வெளியே நிறுத்த வேண்டியிருந்தால் கட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா என்று நாம் சொல்லும் புயல்வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. இரண்டு இறக்கையும் வாலும், ஆக மூன்று இடத்தில் கட்ட வேண்டும். நைலான் அல்லது அதுபோன்ற செயற்கைக் கயிறு நல்லது. சணல், மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும், சீக்கிரம் மக்கியும் போகும். கயிற்றில் சிறிது தளர்வு விடுங்கள், ஆனால் விமானம் துள்ளும் அளவுக்கு வேண்டாம். கண்ட்ரோல் பூட்டைப் போடாமல் போனால் காற்று இறக்கையின் அசையும் பலகையான எய்லரானையும் வாலிலுள்ள ரடரையும் இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும், அதன் கீல்கள்தான் முதலில் போகும்.

இன்ஜின் முன்வாயை அடைக்கும் பஞ்சு அடைப்புகளை விமானம் வாங்கிய அன்றே வாங்குங்கள். மைனா கூடு கட்ட ஒரு பகல் போதும். சிலிண்டருக்குப் பின்னால் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் நாரும் அடைந்திருந்தால் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, டார்ச்சை வைத்து எண்ணெய் ஊற்றும் கதவு வழியாகவும் கீழே காற்று வெளியேறும் வழியாகவும் பார்க்க வேண்டும். காய்ந்த புல் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்தால் தீ, குளிர்விக்கும் காற்றை அடைத்தால் சிலிண்டர் கொதிக்கும். அடைப்பு போட்டிருந்தாலும் பாருங்கள், வால் பக்கத்துத் துளைகள் வழியாகவும் பறவை உள்ளே போகும். ஹேங்கரில் எலி இருந்தால் வயரைக் கடிக்கும், அதன் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும்.

இன்ஜின்: ஓடவிடாதீர்கள், பறங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லைக்கமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், ப்ரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் நின்றதும் அதன் மேல் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து கீழே போய்விடும். எண்ணெய்ப் படலம் மெலிந்த இடத்தில் ஈரம் உட்காரும், சின்னத் துருப்புள்ளி விழும். அடுத்த தடவை ஓடும்போது அந்தப் புள்ளி, கேம் தள்ளும் டாப்பெட்டின் முகத்தை உரசும், உரசிய இடம் பெயர்ந்து துகளாகி எண்ணெயில் சேரும், கொஞ்ச நாளில் கேமின் உச்சியே தேய்ந்து வால்வு முழுதாகத் திறக்காமல் போகும். இதைச் சரிசெய்ய இன்ஜினைப் பிளந்தாக வேண்டும்.

பறக்க நேரமில்லாதபோது வாரம் ஒரு தடவை வந்து ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் போனால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக எக்ஸாஸ்ட் வழியே போய்விடும், ஆனால் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடாகி, அந்தச் சூடு நீடித்தால்தான் அந்த நீர் ஆவியாகி ப்ரீதர் குழாய் வழியாக வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டால் தண்ணீரை உள்ளே சேர்த்ததுதான் மிச்சம், எரிந்த கழிவோடு சேர்ந்து அது அமிலமாகவும் மாறும். லைக்கமிங் சொல்லும் அளவு இது: 30 நாளுக்கு ஒரு தடவையாவது, எண்ணெய்ச் சூடு 74-இலிருந்து 93 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க, ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். ஈரமான, கடலோர இடங்களில் 30 நாள் என்பதே அதிகம். என் கணக்கில் நம் ஊருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பங்கு போட்டு வாங்கியவர்கள் முறை வைத்துப் பறந்தால் இது சுலபம், தனியாள் விமானங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன.

நின்றுகொண்டிருக்கும் இன்ஜினின் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடும் பழக்கமும் வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெயையும் அது வழித்துவிடும். அதோடு சுவிட்ச் அணைந்திருந்தாலும், தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால் இன்ஜின் உயிர்பெறும், ப்ரொப்பெல்லரை எப்போதுமே ஓடக்கூடிய ஒன்றாக நினைத்துத் தொடுங்கள்.

பறக்க முடியாத வாரங்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. மூடிய பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள், மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு, இரண்டு குழாய். உலர்ந்த காற்று எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக உள்ளே போய், ப்ரீதர் வழியாகத் திரும்பிப் பெட்டிக்கு வரும்படி வளையமாக இணைக்க வேண்டும், வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிட்டால் ஈரத்தைத்தான் ஊட்டுவோம். மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம், அதற்கென்று தனி ஓவன் வைத்துக்கொள்ளுங்கள், சமையல் ஓவன் வேண்டாம். குழாயில் நீளமான சிவப்பு நாடா கட்டி அதன் மறுமுனையை விமானியின் இருக்கை மேல் போட்டு வையுங்கள், மறந்து பறந்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் இது போதாது, காப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் அடைப்பு போட்டு முறையாக மூட வேண்டும், அதை இன்ஜினியர் செய்வார்.

எண்ணெய் மாற்றுவதற்கு நாட்காட்டிதான் கணக்கு. முழு வடிகட்டி உள்ள லைக்கமிங்குக்கு 50 மணி, வெறும் சல்லடை மட்டும் உள்ளதற்கு 25 மணி, இரண்டுக்குமே அதிகபட்சம் நான்கு மாதம். மாதம் மூன்று மணி பறப்பவர் நான்கு மாதத்தில் 12 மணிதான் பறந்திருப்பார், பரவாயில்லை, மாற்றுங்கள். பழைய எண்ணெயில் இருக்கும் ஈரமும் அமிலமும்தான் பிரச்சினை, அதன் வழவழப்பு அல்ல. தரம் என்ன போடுவது? நம் வெப்பத்தில் எஸ்ஏஇ 50, அதாவது விமான எண்ணெய்க் கணக்கில் 100 என்ற எண், பெரும்பாலோருக்குப் பொருந்தும், உங்கள் இன்ஜின் அட்டவணையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது பழைய வடிகட்டியைக் குப்பையில் போடாதீர்கள், வெட்டிப் பாருங்கள். அதற்கென்றே சுற்றி வெட்டும் கருவி இருக்கிறது, இரும்பு ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் விரித்து, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். கரியும் சில மினுக்கும் இருக்கும், அது வழக்கம். காந்தத்தில் ஒட்டும் கூர்மையான துகள்கள் தெரிந்தால் இரும்பு எங்கிருந்தோ பெயர்கிறது, அதைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தேதியும் மணியும் எழுதி இன்ஜினியரிடம் கொடுங்கள், அவர் பார்க்கும் வரை பறக்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு பறப்பு முடிந்த பிறகும் டிப்ஸ்டிக் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நீர்த்துளி தொங்கினாலோ, பழுப்பாகத் துரு தடம் போட்டிருந்தாலோ, இன்ஜினுக்குள் ஈரம் தங்குகிறது.

எரிபொருளில் தண்ணீர்

மழை பெய்த மறுநாள் இறக்கை மேலேயுள்ள மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் இறுகி வெடித்திருந்தால் அந்தத் தண்ணீர் நேராக டாங்கிக்குள் இறங்கும். வளையம் சில ரிங்கிட்தான், விமானத்துக்கு உரியதை வாங்கி மாற்றுங்கள், இறுகிவிட்டதா என்று நகத்தால் அழுத்தினாலே தெரியும்.

ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னும், எரிபொருள் நிரப்பிய பிறகும் எல்லா வடிதுளைகளிலும் எரிபொருளைச் சிறிது பிடித்துப் பாருங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: செஸ்னா 172எஸ்-இல் 13 இருக்கின்றன, கீழே குனிந்து எட்ட வேண்டிய மூன்றைத்தான் ஆட்கள் தாண்டிப் போவார்கள். தெளிவான கோப்பையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கினால் தண்ணீர் அடியில் தனி உருண்டையாக நிற்கும், கோப்பையைச் சாய்த்தால் எரிபொருளுக்குக் கீழே அது நகர்வது தெரியும். கோப்பை முழுக்கவே தண்ணீர் என்றால் உருண்டையே தெரியாது, எல்லாம் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும், அதனால் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். 100எல்எல் ஏவ்கேஸ், அதாவது பிஸ்டன் விமானங்களுக்கான பெட்ரோல், நீலம். வெள்ளை அட்டையைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் நீலம் நன்றாகத் தெரியும். தண்ணீர் வந்தால் வராத வரை பிடியுங்கள், பிறகு இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து மறுபடி பிடியுங்கள்.

சுபாங், பாயான் லெப்பாஸ் விமான நிலையங்களில் வந்து போகும் விமானங்களில் பெரும்பாலானவை ஜெட் எரிபொருளில் ஓடுபவை. உங்கள் விமானத்துக்கு நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், வண்டியிலுள்ள எழுத்தைப் படியுங்கள், ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுங்கள். ஏவ்கேஸ் ஆவியாகிப் போய்விடும், ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் நிற்கும். பிஸ்டன் இன்ஜின் ஜெட் எரிபொருளில் ஸ்டார்ட் ஆகும், குழாயில் மிச்சமிருக்கும் ஏவ்கேஸில் டாக்ஸியும் போகும், எழும்பிய பிறகுதான் அணையும்.

கார்புரெட்டர் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்ப நாட்டில் கார்புரெட்டரில் பனிக்கட்டி எங்கே வரப்போகிறது என்று நினைப்பது ஆபத்து. எரிபொருள் ஆவியாவதாலும் காற்று குறுகிய வழியில் விரைவதாலும் கார்புரெட்டருக்குள் வெப்பம் 30 டிகிரிக்கும் மேல் இறங்க முடியும், நம் காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கிறது, இறங்கும்போது த்ராட்டிலைக் குறைத்து வைத்திருக்கும் நேரம்தான் மோசம். அதனால் கார்புரெட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் கார்ப் ஹீட் கேபிள், அதன் கதவு, சூடான காற்று வரும் குழாய் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று 50 மணி வேலையில் சேர்த்துவிடுங்கள். தரையில் இழுத்துப் பார்க்கும்போது ஆர்பிஎம் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கதவு திறக்கவில்லை அல்லது குழாய் கிழிந்திருக்கிறது.

ரோடாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இலகு விமானங்களில் பாதிக்கு மேல் ரோடாக்ஸ் 912 தான் பார்க்கிறோம், நல்ல இன்ஜின், ஆனால் லைக்கமிங் பழக்கத்தை இதில் காட்டக் கூடாது. எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பதால் டிப்ஸ்டிக்கை வெறுமனே இழுத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். இக்னிஷன் இரண்டையும் அணைத்து, ப்ரொப்பெல்லரை அது ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்ற வேண்டும், தொட்டியிலிருந்து ‘குளுக்’ என்ற சத்தம் வந்த பிறகுதான் அளவு. எதிர்த்திசையில் சுற்றாதீர்கள், வால்வு லிஃப்டர்களுக்குள் காற்று ஏறும். மேலே லைக்கமிங்கில் சுற்றாதீர்கள் என்றேன், இங்கே பறப்புக்கு முன் அளவு பார்க்கச் சுற்றித்தான் ஆக வேண்டும், ஆபத்து மட்டும் இரண்டிலும் ஒன்றே.

80 குதிரைத்திறன் மாதிரிக்கு ரோன் (பெட்ரோலின் ஆக்டேன் எண்) 90 போதும், 100 குதிரைத்திறன் 912 யுஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது ரோன் 95 வேண்டும், அது நம் பெட்ரோல் நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பெட்ரோலை டாங்கியில் வாரக்கணக்கில் விடாதீர்கள், பழசாகிப் பிசின் கட்டும். ஏவ்கேஸில் அதிகம் ஓடினால் அதிலுள்ள ஈயம் கியர்பாக்ஸ் வரை போய்ப் படியும், அப்போது எண்ணெயை 100 மணிக்குப் பதில் 50 மணியில் மாற்ற வேண்டும். செஸ்னா, பைப்பர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் டாங்கியில் ரோன் 95 ஊற்ற வேண்டாம், அதற்கு இன்ஜினுக்கும் விமானத்துக்கும் சேர்த்துத் தனி அனுமதி வேண்டும்.

எரிபொருள் குழாய், குளிர்நீர்க் குழாய் முதலான ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது ரோடாக்ஸ். நம் வெயிலில் நான்காவது ஆண்டிலேயே விரலால் அழுத்திப் பார்க்கத் தொடங்குங்கள், இறுகியிருந்தால் காத்திருக்க வேண்டாம். கார்புரெட்டர் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும், இரண்டையும் சேர்த்து நகைக்கடைத் தராசு போன்ற துல்லியமான தராசில் வைத்தால் 7 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிண்ணத்தில் எரிபொருள் மட்டம் ஏறி, இன்ஜின் குலுங்கும், எரிபொருள் வழியும்.

பிட்டோ குழாய்

எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் குழாய் இது. குளவி ஒன்று மண் அப்பி இதை அடைக்க ரொம்ப நேரம் எடுக்காது. 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எம்எச்134 ஏர்பஸ் ஏ330, மூன்று பிட்டோ குழாய்களிலும் உறை மாட்டியபடியே எழும்பியது. அங்கே உறை மாட்டியதே குளவிக்காகத்தான். வேகமானி இல்லாமல் திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள். ஆக, நின்றதும் உறை மாட்ட வேண்டும், புறப்படும் முன் கழற்ற வேண்டும், இரண்டுமே கட்டாயம். பளிச்சென்ற சிவப்பில் நீளமாகத் தொங்கும் நாடா உள்ள உறையாக வாங்குங்கள், வெயிலில் வெளுத்த நாடாவை மாற்றுங்கள். ஓடுதளத்தில் வேகமானி உயிர்பெறுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், உயிர்பெறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடைத்திருந்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், வாயால் ஊதவும் கூடாது, கருவி பாழாகும். கழுவும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துளையில் டேப் ஒட்டினால் கண்ணில் அடிக்கும் நிறத்தில் ஒட்டுங்கள்.

உப்பும் துருவும்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் கடலை ஒட்டியே இருக்கிறது, பத்து ஃபிரிங்கி கரையோரமாகத் தாழப் பறந்து வந்தால் உப்பு இன்னும் கூடும். நல்ல தண்ணீரால் கழுவுவதுதான் மலிவான மருந்து, உயர் அழுத்தப் பம்பு வேண்டாம், பேரிங் கிரீஸையும் சீலையும் தாண்டி நீர் போய்விடும். இறக்கையின் அடியிலும் வாலின் அடியிலும் உள்ள வடிகால் ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தால் கழுவிய தண்ணீரே உள்ளே நின்று அரிக்கும், அவற்றை முதலில் திறந்துவிடுங்கள்.

துரு எங்கே ஆரம்பிக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எய்லரான், ஃப்ளாப் கீல்கள், பேட்டரிப் பெட்டியைச் சுற்றி, இருக்கைக்கு அடியில் கார்ப்பெட் நனைந்து கிடக்கும் இடம், எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடம், எக்ஸாஸ்ட் புகை படியும் வயிற்றுப் பகுதி. பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் எழும்பினால் அது இழைத்துரு, மேலே பூச்சு அடித்து மறைத்தால் உள்ளே பரவிக்கொண்டே போகும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அது அசைகிறது என்று பொருள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஏசிஎஃப்-50, கரோஷன்-எக்ஸ் போன்ற காப்புத் தெளிப்பை இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் ஆண்டுப் பரிசோதனையின்போது அடிக்கச் சொல்லுங்கள், எல்லாத் தகடுகளும் அப்போதுதான் திறந்திருக்கும். அடித்த பிறகு சில நாள் ரிவெட் வழியே கசியும், பயப்பட வேண்டாம், துடைத்துவிடலாம்.

மற்றவை, சுருக்கமாக

டயர் காற்று: மாதிரிக்கு மாதிரி வேறு. 172எஸ்-இல் பெரிய சக்கரம் 42 பிஎஸ்ஐ, மூக்குச் சக்கரம் 45, பழைய 172-களில் இதைவிட நன்றாகக் குறைவு. கையேட்டைப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய்: சிவப்பு நிறத்திலுள்ள விமான ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும். கார் பிரேக் எண்ணெயை ஒரு சொட்டு ஊற்றினாலும் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டிஸ்க்கில் மழைக்குப் பிறகு மெல்லிய துரு படிவது சாதாரணம், முதல் டாக்ஸியில் லேசாக அழுத்தினால் போய்விடும்.

பேட்டரி: வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.7-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை கொள்ளளவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள், ஸ்டார்ட் ஆகிறது என்பது போதாது, ஆல்டர்நேட்டர் போனால் வானொலியைத் தாங்க வேண்டியது அதுதான்.

ஜன்னல்: வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் அக்ரிலிக்கைப் பொரியவைக்கும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் மேலும் கீழுமாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் சூரியனுக்கு எதிரில் வளையங்களாகக் கீறல் தெரியும். புகைமூட்டக் காலத்தில் இதோடு காற்று வடிகட்டியையும் அடிக்கடி பாருங்கள்.

உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியவை

பினாங்கிலிருந்து லங்காவி போனால் கீழே கடல்தான். உயிர்காப்பு மேலாடையைப் பின் இருக்கையில் வைத்திருந்தால் பயனில்லை, உடுத்திக்கொண்டு பறங்கள். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும், படகுக்காரர்கள் உடுத்தும் வகை வேண்டாம், விமானம் நீரில் நிரம்பும்போது உள்ளேயே ஊதிக்கொண்டு உங்களைக் கூரையோடு அழுத்திவிடும், கையால் இழுத்து ஊதும் வகைதான் சரி. அதை ஊதும் வாயுச் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள், நம் ஈரத்தில் அதன் திருகும் துருப்பிடிக்கும்.

அவசர ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸ் வகையா என்று பாருங்கள். 121.5-ஐ மட்டும் அனுப்பும் பழைய வகையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரியிலிருந்து கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி 9எம் எனத் தொடங்கும் மலேசியப் பதிவுக்கு மாற்றிய விமானம் என்றால் ஒலிபரப்பியின் குறியீட்டையும் மாற்றிப் புதிதாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் நீங்கள் விழுந்தால் பழைய சொந்தக்காரருக்குத்தான் தொலைபேசி போகும்.

கார்பன் மோனாக்சைடு காட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்குங்கள், சத்தம் போடும் வகை. ஹீட்டர் நாம் போடுவதில்லையே என்பார்கள், எக்ஸாஸ்டில் வெடிப்பு இருந்தால் தீத்தடுப்புச் சுவரின் ஓட்டைகள் வழியாகவும் புகை உள்ளே வரும். ஐபேடில் வரைபடம் பார்ப்பவர்கள், அது 35 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும்படி செய்யப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். மூடிய காக்பிட்டில் நண்பகலில் அது அணைந்துபோகும், காகித வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும், பவர் பேங்க்கை வெயிலில் விட்டுப் போகாதீர்கள்.

கருவிகளும் உதிரிப் பாகங்களும்

தொடக்கத்துக்கு நிறையத் தேவையில்லை: எரிபொருள் பிடிக்கும் தெளிவான கோப்பை, நல்ல டார்ச், கைக்கண்ணாடி, குறைந்த அழுத்தம் காட்டும் டயர் மானி, சக்கரத்துக்கு அடைகட்டை, விமானத்தைத் தரையில் கையால் இழுக்கும் இழுகம்பி. இழுகம்பியை மூக்குச் சக்கரத்தில் மாட்டியபடி கையை விட்டு நகராதீர்கள், அதோடு ஸ்டார்ட் செய்தால் ப்ரொப்பெல்லர் போய்விடும். ஃபோனில் இணைக்கும் மெல்லிய குழாய்க் கேமரா மலிவாகவே கிடைக்கிறது, ஸ்பார்க் பிளக் கழற்றும் சமயத்தில் சிலிண்டர் சுவரையும் வால்வையும் பார்த்துப் படம் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். பிளக்கைத் திரும்பப் போடும்போது புதிய செம்பு வளையமும் டார்க் ரெஞ்சும் வேண்டும், கீழே விழுந்த பிளக்கை மறுபடி போடக் கூடாது, உள்ளே பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

போல்ட், நட்டு, குழாய், கிளாம்பு எதுவானாலும் சான்றிதழோடு வருவதை மட்டும் வாங்குங்கள். இணையக் கடையில் அதே அளவு, அதே நிறம், கால்வாசி விலைக்குக் கிடைக்கும். அளவு ஒன்றுதான், உலோகம் எது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலிருந்து பாகம் வர வாரக்கணக்காகும் என்பதால், எண்ணெய் வடிகட்டி, மூடி வளையம், பிரேக் லைனிங், ஒரு டயர்க் குழாய், இரண்டு பிளக் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ரப்பர் பாகங்களின் பையில் தயாரித்த தேதி இருக்கும், அந்தப் பையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். ஆண்டுப் பரிசோதனைக்கு இன்ஜினியரிடம் இரண்டு மாதம் முன்பே நாள் கேட்டு வையுங்கள், நம் ஊரில் சிறு விமானம் பார்ப்பவர்கள் குறைவு. வரும்போது ஆண்டு முழுக்க நீங்கள் குறித்து வைத்த சந்தேகங்களின் பட்டியலை அவர் கையில் கொடுங்கள், தகடுகளைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அவர் நேராக அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பார்.